வானத்திலேயே கடந்துட்டோம்

அலாரம் ஐந்தரைக்கு அடித்தது. அந்த நேரத்தை வைத்தவள் என் மனைவி. நான் மாற்றவில்லை. எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். சவரம் செய்தேன். சட்டை மாட்டினேன். திரும்பி வந்தபோது பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. துடைத்தேன். மீதியில் இரண்டு காபி கலந்தேன். ஒன்று எனக்கு. இன்னொன்று கூடத்து சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவனுக்கு.

அவன் என் மனைவியின் தம்பி. அவள் இறந்த வாரத்தில், "நாலு நாள் துணைக்கு இருக்கேன் மாமா" என்று பையோடு வந்தவன். குளிர் காலம் முடிந்து மழைக் காலமும் வந்துவிட்டது. இப்போது என் துப்பறியும் தொழிலில் உதவியாளன். சோபா அவன் எடையில் நடுவில் குழிந்துவிட்டது.

"பால் தீஞ்ச வாசனை" என்றான் கண்ணைத் திறக்காமல். "இதுக்கு மேல எதுக்கு மாமா நமக்கு அலாரம்?"

"எந்திரி. விமானம் நமக்காக நிக்காது."

"நின்னுதான் ஆகணும். நான் ஏறினா அது கிளம்புமான்னே தெரியல."

நாங்கள் இருப்பது மலை மேல் உள்ள ஊர். இங்கே ஒரு சின்ன விமான நிலையம். கீழே கடற்கரை ஊரில் அதே அளவில் இன்னொன்று. நடுவே பெரிய பள்ளத்தாக்கு. பறவை போல நேராகப் போனால் பக்கம். சாலை பள்ளத்தாக்கைச் சுற்றிச் சுற்றி இறங்குகிறது. காரில் ஆறு மணி நேரம். விமானத்தில் அரை மணி நேரம்கூட இல்லை.

ஒரு மனிதன் சிறைக்குப் போவதும் போகாததும் இந்த வித்தியாசத்தில்தான் இருந்தது.

முந்தின நாள் ஒரு டாக்ஸி டிரைவரின் மனைவி எங்களிடம் வந்திருந்தாள். கணவன் மூன்று நாளாக லாக்கப்பில். குற்றம், கொலை. கடற்கரை ஊரில் மருந்துக்கடை நடத்திய ஒரு பெண்மணி காலை விமானத்தில் இங்கே வந்து இறங்கி அவன் டாக்ஸியில் ஏறினார். அக்கா வீட்டுக்குப் போவதாக இருந்தார். போய்ச் சேரவில்லை. மதியம், ஒரு கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே, பாறைச் சரிவில் கிடந்தார். அவருடைய பெட்டி டிரைவரின் டிக்கியில் இருந்தது.

"அவருக்குப் பொய் சொல்ல வராது சார்" என்றாள் டிரைவரின் மனைவி. "வந்திருந்தா நாங்க எப்பவோ சொந்தக் கார் வாங்கியிருப்போம்."

ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. பெரிய உடம்பு, சின்னப் பொறுமை.

"அவன் என்ன சொல்றான் தெரியுமா?" என்றார். "நடுவழியில அந்தம்மாவோட புருஷன் நின்னு வண்டிய நிறுத்தினாராம். 'நான் கூட்டிட்டுப் போறேன், நீ கிளம்பு'ன்னு பணத்தக் குடுத்து அனுப்பிட்டாராம். அந்தப் பதட்டத்துல பெட்டிய இறக்க மறந்துட்டானாம். புருஷன் அன்னைக்குக் காலைல எங்க இருந்தார்? கடற்கரை ஊர்ல. மலைலேருந்து விமானம் ஏறிப் போனவர். போர்டிங் கார்டு என் ஃபைல்ல இருக்கு. ஆறு மணி நேரத் தூரத்துல இருந்த ஆளக் கொண்டுவந்து நடு ரோட்டுல நிறுத்தறான். கதை சொன்னாலும் ஒரு அளவு வேணாமா?"

புருஷனும் அங்கேயே பெஞ்சில் இருந்தார். கட்டட கான்ட்ராக்டர். மலையில் வேலை நடப்பதால் இங்கே ஒரு வாடகை வீடு. பெஞ்சில் மூன்று பேர் உட்காரலாம். அவர் உட்கார்ந்தபின் வேறு யாருக்கும் இடம் இருக்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன. வாசலில் அவருடைய காரில் சாய்ந்து ஓர் ஒல்லி ஆள் குடையோடு காத்திருந்தான். புதிதாகச் சேர்ந்த சைட் சூப்பர்வைசர்.

"எங்களுக்குள்ள சண்டை சார்" என்றார் கான்ட்ராக்டர். "பிரிஞ்சு போறேன்னு சொல்லிட்டிருந்தா. சமாதானம் பண்ணலாம்னு நான் காலைல விமானம் ஏறி அங்க போனேன். பின்னாடி ஜன்னல் ஓரமா உக்காந்து, என்ன பேசறதுன்னு யோசிச்சுட்டே போனேன். அங்க போனா வீடு பூட்டிக் கிடக்கு. அவ அதே காலைல விமானம் ஏறி இங்க வந்துட்டா. வானத்திலேயே கடந்துட்டோம் சார். என் சாவிய வச்சுத் திறந்து உள்ள உக்காந்துட்டிருந்தப்ப அவளே ஃபோன் பண்ணா. கடைசியா அவ சொன்னது இன்னும் காதுல கேக்குது. 'இந்த டிரைவர் பார்வையே சரியில்லைங்க. எனக்கு எதாவது ஆச்சுன்னா இவன்தான் காரணம்'னா."

கான்ஸ்டபிள் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் மைத்துனனிடம் சொன்னேன்:

"அவர் பொய் சொல்றார்."

"எப்படித் தெரியும்?"

"கடைசி வார்த்தை அவ்வளவு ஒழுங்கா இருக்காது."

என் மனைவி கடைசியாகச் சொன்னது, "பால் வச்சிருக்கேன், பாத்துக்கோங்க." சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். அங்கே விழுந்தாள். அது கடைசி வார்த்தை என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. தெரிந்திருந்தால் வேறு ஏதாவது பேசியிருப்போம்.

இது சாட்சி இல்லை. கோர்ட்டில் சொல்ல முடியாது. இன்று மதியம் டிரைவரை மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தப்போகிறார்கள். அதற்குள் அவன் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவான் என்று இன்ஸ்பெக்டர் சொன்ன விதத்தில், அவன் விரல்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

அதனால்தான் இந்த விமானம். கான்ட்ராக்டர் போனதாகச் சொன்ன வழியில் ஒரு முறை போய்ப் பார்ப்பது. வேறு யோசனை எதுவும் என்னிடம் இல்லை.

விமான நிலையம் என்பது ஒரு நீளமான கூடம். ஒரே கவுண்டர். அதன் பின்னால் ஒரு பெண். அவள் பெயரைக் கேட்டாள். முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. தரையில் இருந்த எடை மெஷினைக் காட்டினாள்.

"பையோட ஏறி நில்லுங்க."

மைத்துனன் திடுக்கிட்டான். "எதுக்குங்க? என்னையும் லக்கேஜ்ல போடப் போறீங்களா?"

"சின்ன விமானம் சார். எல்லாரையும் எடை போட்டுத்தான் சீட்டு குடுப்போம்."

ஏறினான். முள் ஓடியது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பை கனம்" என்றான் அவர்களைப் பார்த்து. பையில் ஒரு துண்டும் சீப்பும்தான் இருந்தன. "எனக்குக் கடைசி வரிசை குடுங்க. கொஞ்சம் கண் அசரணும்."

"கடைசி வரிசை உங்களுக்குக் கிடையாது. நடுவுலதான்."

"காசு குடுத்திருக்கேனே."

"கனமானவங்க பின்னாடி உக்காந்தா வால் இறங்கி மூக்கு தூக்கிக்கும். பைலட் கத்துவார். பின்னாடி குழந்தைங்க, ஒல்லியானவங்க மட்டும்தான்."

அடுத்து நான் ஏறினேன். அவள் எண்ணைப் பார்த்து எழுதினாள். மைத்துனனும் எண்ணைப் பார்த்தான். போன வருஷம் கோயில் வாசலில் காசு போடும் எடை மெஷினில் நானும் என் மனைவியும் ஏறியிருந்தோம். அப்போது எண்ணைச் சத்தமாகப் படித்தவன் இவன்தான். இன்றைய எண் அதைவிட எவ்வளவோ சின்னது. எதையோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. அவன் ஜோக்கை விழுங்கி நான் பார்த்தது இன்றுதான்.

விமானம் எழுந்தது. பள்ளத்தாக்கு கீழே விரிந்தது. சாலை, கைதவறி விழுந்த நூல் போல மலையெங்கும் கிடந்தது. ஒரு பஸ் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொன்று இறங்கிக்கொண்டிருந்தது. பாதி வழியில், ஒரு டீக்கடை முன்னால், இரண்டும் ஒன்றையொன்று கடந்தன.

மைத்துனன் பெல்ட்டோடு போராடி முடித்து நிமிர்ந்தபோது சக்கரம் தரையைத் தொட்டது.

"அவ்வளவுதானா? தூக்கமே வரலையே."

கடற்கரை விமான நிலையமும் அதே மாதிரி ஒரு கூடம்தான். இறங்கி நடந்தோம். ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் மலைக்குப் போகக் காத்திருப்பவர்கள். வேலை எதுவும் இல்லாததால் வருகிற ஒவ்வொருவரையும் தலை முதல் கால் வரை பார்த்தார்கள். ஒரு கைக்குழந்தை மைத்துனனின் சட்டையைப் பிடித்து இழுத்தது. அவ்வளவு நெருக்கம்.

நாங்கள் கூடத்தைத் தாண்டுவதற்குள் அவர்கள் எழுந்து வரிசையில் நின்றார்கள்.

நான் நின்றேன். பெட்டி இறக்கிக்கொண்டிருந்த சிப்பந்தியிடம் கேட்டேன்.

"இவங்க போற விமானம் எங்கே?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு நாங்கள் வந்த விமானத்தைப் பார்த்தான்.

"அதான் நிக்குதே."

"அது நாங்க வந்தது."

"நீங்க வந்ததுதான் சார் அவங்க போறது. இருக்கறதே ஒண்ணு. அங்கேருந்து வரும், ஆள மாத்தும், திரும்பிப் போகும். இன்னொண்ணு வேணும்னு நாங்களும் எழுதிப் போட்டுட்டேதான் இருக்கோம்."

மைத்துனனும் கேட்டுவிட்டான்.

"மாமா" என்றான் மெதுவாக. "வானத்துல கடந்துட்டோம்னாரே. ஒரே விமானம் தன்னைத்தானே எப்படிக் கடக்கும்?"

"அவர் எப்பவும் ரோட்டுல போறவரா இருக்கணும். பஸ் மாதிரி நினைச்சுட்டார். இங்கேருந்து ஒண்ணு, அங்கேருந்து ஒண்ணு, நடுவுல சந்திப்புன்னு."

"வந்திருந்தா இந்தக் கயித்துக்கு அந்தப் பக்கம் பொண்டாட்டி உக்காந்திருந்திருப்பாங்க."

"வரவே இல்ல."

இன்ஸ்பெக்டருக்கு ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அணைத்துவிட்டார். கோர்ட்டுக்குப் போகிற நாளில் அவர் ஃபோனில் பேசமாட்டார் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. சாலையில் போனால் சாயங்காலம்தான் மலை ஏற முடியும். விமானத்தின் விசிறி சுற்றத் தொடங்கியிருந்தது.

கவுண்டருக்கு ஓடினோம். அங்கிருந்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"சீட்டு ஒண்ணு இருக்கு. எடைதான் இல்ல. உங்கள ஏத்தலாம். அவரை ஏத்தினா நாலு பெட்டிய இறக்கணும்."

"போங்க மாமா" என்றான் மைத்துனன். "வாழ்க்கைல முதல் தடவையா என் உடம்பு உங்களுக்கு வழிவிடுது. நான் பஸ்ல குலுங்கிக்கிட்டு வந்து சேர்றேன்."

பத்தடி ஓடியபின் அவன் குரல் பின்னால் வந்தது. "எதாவது சாப்பிடுங்க."

எனக்குக் கிடைத்தது கடைசி வரிசை. ஜன்னல் ஓரம். பெல்ட்டை இழுத்து மாட்டினேன். மிச்சம் மடியில் நீளமாகத் தொங்கியது. அதைக் கையில் பிடித்தபோது கான்ட்ராக்டரின் வயிறு கண் முன் வந்தது. அவர் சொன்ன ஒரு வாக்கியமும் வந்தது. விமானம் இறங்கும்வரை அந்தப் பெல்ட் நுனியை நான் விடவில்லை.

ஸ்டேஷன் வாசலில் ஜீப் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவரை வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அவன் மனைவி சுவரோரம் நின்றாள். அவன் வலது கட்டைவிரலில் மை. கையெழுத்துப் போட விரல்கள் ஒத்துழைக்கவில்லை போல.

கான்ட்ராக்டர் அதே பெஞ்சில்.

"ரெண்டு நிமிஷம்" என்றேன் இன்ஸ்பெக்டரிடம்.

"ரெண்டு நிமிஷம்தான்."

கான்ட்ராக்டர் பக்கம் திரும்பினேன். "வானத்துல கடந்துட்டோம்னீங்க. எது எதைக் கடந்துச்சு?"

"நான் போன விமானமும் அவ வந்த விமானமும்."

"ரெண்டும் ஒரே விமானம். இந்த வழியில ஓடறது ஒண்ணுதான். நீங்க அதுல இறங்கியிருந்தா, அதுல ஏற உங்க மனைவி அதே கூடத்துல உக்காந்திருந்தாங்க. நடுவுல ஒரு கயிறு. கைய நீட்டினா தொட்டுடலாம்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

கான்ட்ராக்டர் என்னையே பார்த்தார். பிறகு அவர் தோள்கள் தளர்ந்தன. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"பாத்தேன் சார்" என்றார். "கயித்துக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தா. என்னைப் பாத்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டா. நானும் வீம்புக்குப் பேசாம நடந்துட்டேன். அதான் நான் அவளை உயிரோட கடைசியாப் பாத்தது. பொண்டாட்டிய நேர்ல பாத்தும் ஒரு வார்த்தை பேசாமப் போனவன்னு ஊர் சொல்லுமேன்னு மறைச்சுட்டேன். அது குத்தம்னா எனக்கும் விலங்கு போடுங்க."

கான்ஸ்டபிள் மறுபடி கண்ணைத் துடைத்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டினார்.

"மனுஷனுக்கு இருக்கற வெட்கம்தாங்க அது" என்றார் என்னிடம். "உங்களுக்குத் தெரியாததா? வழிய விடுங்க."

டிரைவரின் மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜீப்பின் பின்கதவு திறந்தது.

நானே ஒரு கணம் நம்பிவிட்டேன். அவ்வளவு நன்றாகச் செய்திருந்தார். மெதுவாகக் கேட்டேன்:

"விமானத்துல எங்க உக்காந்திருந்தீங்க?"

"நேத்தே சொன்னேனே. பின்னாடி. ஜன்னல் ஓரம்." கைக்குட்டையால் மூக்கைச் சிந்தினார். "கார்டு ஃபைல்ல இருக்கு, பாத்துக்கோங்க. கடைசி வரிசை."

"தெரியும். உறுதியா?"

"சாமி மேல சத்தியமா சார். கடைசி வரிசை."

அதற்குமேல் நான் பேசவேண்டிய தேவை வரவில்லை. இன்ஸ்பெக்டர் ஜீப் பக்கம் வைத்த காலைத் திரும்ப எடுத்தார். மேஜைக்குப் போனார். ஃபைலைத் திறந்து போர்டிங் கார்டைப் பார்த்தார். கான்ட்ராக்டரைப் பார்த்தார். தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"உங்க எடை என்ன?" என்றார்.

"என்ன சார்?"

"நான் மாசம் ஒரு தடவை மீட்டிங்குக்கு அந்த விமானத்துல போறேன்யா. ஒவ்வொரு தடவையும் பின் சீட்டு கேப்பேன், கால நீட்டிக்கலாம்னு. ஒவ்வொரு தடவையும் அந்தப் பொண்ணு பத்து பேருக்கு முன்னாடி என்னை மெஷின்ல நிறுத்தி, 'உங்க உடம்புக்கு நடுவுலதான்'னு சொல்லும். யூனிஃபார்ம்ல போனாலும் சொல்லும். மேலதிகாரி வந்தாலும் சொல்லும்." கார்டை மேஜையில் போட்டார். "உனக்கு மட்டும் எப்படிய்யா குடுத்துச்சு?"

கான்ட்ராக்டர் கைக்குட்டையை மடித்து, மறுபடி மடித்தார்.

"இந்தக் கார்டுல போனவன் ஒல்லியானவன்" என்றேன். வாசலைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டரும் பார்த்தார். காரில் சாய்ந்திருந்த சூப்பர்வைசர் எங்கள் பார்வையைப் பார்த்துக் குடையைக் கீழே போட்டான்.

அவனை அடிக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே வந்ததும் அழுதுவிட்டான்.

"முதலாளி பேருக்கு டிக்கெட் இருக்கு, போய் இறங்கி அப்படியே பஸ்ல திரும்பி வான்னார் சார். கவுண்டர்ல பேரு மட்டும் கேப்பாங்க, தைரியமாச் சொல்லுன்னார். எதுக்குன்னு கேக்கல. வேலைக்குச் சேந்து ஒரு வாரம்தான். அந்தம்மாவ எனக்குத் தெரியாது. பேப்பர்ல ஃபோட்டோ பாத்தப்புறம்தான்..." அவன் நிறுத்தினான். "அவங்க பக்கத்துலதான் நடந்து போயிருக்கேன் சார். நீலச் சேலை. கைப்பை கீழ விழுந்துச்சு, நான்தான் எடுத்துக் குடுத்தேன். சிரிச்சாங்க."

கான்ட்ராக்டரின் கையில் விலங்கு மாட்டியபோது அவர் பெஞ்சை விட்டு எழவில்லை. மருந்துக்கடையும் அது இருந்த கட்டடமும் அவர் மனைவி பெயரில். பிரிந்திருந்தால் இவருக்கு வாடகை வீடுதான். அவர் அதைச் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர்தான் வாக்குமூலத்தைக் கிழித்துக்கொண்டே சொன்னார்.

கான்ட்ராக்டரை எழுப்பி உள்ளே கொண்டுபோனபின் டிரைவரை அதே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்தான். அவன் மனைவி அவனுக்கு முன்னால் மண்டியிட்டு அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபோன் அடித்தது. மைத்துனன். பஸ் சத்தம்.

"மாமா, முதல் வளைவுதான் வந்திருக்கு. என் குடல் ஏற்கெனவே மலை மேல ஏறிடுச்சு. என்னாச்சு?"

"முடிஞ்சுது."

"உங்க சந்தேகம் சரிதானே மாமா? அவங்க கடைசியா அப்படிச் சொல்லலதானே?"

"இரு. கேக்கறேன்."

ஃபோனை அணைக்காமல் கையில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவங்க உங்ககிட்ட கடைசியா என்ன சொன்னாங்க?"

அவன் டம்ளரைப் பார்த்தான்.

"பனி சார் அன்னைக்கு. வளைவு திரும்பினதும் பெரிய உருவமா ஒரு ஆள் ரோட்டுக்கு நடுவுல வந்து கைய விரிச்சு நின்னாரு. எனக்குப் பயம். ஓரமா ஒதுங்கி வேகமாப் போயிடலாம்னு ஆக்ஸிலேட்டர மிதிச்சேன். அந்தம்மா பின்னாலேருந்து என் தோளத் தொட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"'நிறுத்துங்கண்ணே, பயப்படாதீங்க. எங்க வீட்டுக்காரர்தான்.'"